சிவகிரி மனுவில் இருந்த வரி

எங்கள் கடையில் மனு எழுதுவது கிடையாது. மாற்றுவதுதான்.

வெளியே போர்டில் என்னவோ 'டைப்பிங், ஜெராக்ஸ், லேமினேஷன், மனு எழுதித் தரப்படும்' என்றுதான் போட்டிருக்கிறேன். தென்காசியில் ஆபீஸ்கள் இருக்கிற பக்கமாக, டீக்கடைக்கும் மூக்குக் கண்ணாடிக் கடைக்கும் நடுவில் ஒடுங்கிக் கிடக்கிறது கடை. வருகிறவர்கள் உட்கார ஒரு பெஞ்ச். எனக்கு ஒரு சுழலும் நாற்காலி, அதுவும் இப்போது சுழல்வதில்லை. கம்ப்யூட்டரில் 'பழசு' என்று ஒரு ஃபோல்டர். என் பிழைப்பு அதற்குள்தான் இருந்தது. பாதை மறிப்பு, பட்டா மாறுதல், தெருவிளக்கு, குடிநீர், பக்கத்து வீட்டு மாட்டுத் தொழுவ நாற்றம் என்று மனிதருக்கு வருகிற சங்கடம் எல்லாவற்றுக்கும் அதில் ஒரு மனு இருந்தது.

ஆள் வந்து விஷயத்தைப் பாதி சொல்லும்போதே எந்தப் பழைய மனுவைத் திறக்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிடும். திறந்து, கன்ட்ரோல் எச் அழுத்தினால் ஒரு சின்னக் கட்டம் வரும். மேல் வரியில் பழைய பெயர், கீழ் வரியில் புதுப் பெயர். 'ரீப்ளேஸ் ஆல்' என்று ஒரு தட்டு. இத்தனை இடத்தில் மாற்றியாயிற்று என்று கம்ப்யூட்டரே கணக்கு சொல்லும். பிறகு அதே மாதிரி புருஷன் பெயர், ஊர் பெயர், தெருப் பெயர். வந்தவர் பெஞ்சில் சாய்ந்து உட்காருமுன் மனு ரெடி. டைப்ரைட்டிங்கில் ஹையர் பரீட்சை முடித்தவள் என்கிற திமிர் போதாதென்று, இந்த வேகமும் சேர்ந்து எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. "அந்தம்மா கை ஊர்ப்பட்ட வேகம்" என்று யாராவது வெளியே சொல்வது காதில் விழுந்தால், அன்றைக்குச் சாப்பாடே வேண்டாம்.

சின்னச் சின்னத் தப்பு வரத்தான் செய்யும். ஒருமுறை ஊர் பெயரை மொத்தமாக மாற்றப் போய், எல்லைக் குறிப்பில் இருந்த கோயிலையும் சேர்த்து அடுத்த ஊருக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டேன். அதை வாங்கிப் பார்த்த அண்ணாச்சி, "கும்பாபிஷேகம் எப்பம்மா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் என் குணம், தப்பை யாராவது காட்டினால் முதலில் முகம் கடுக்கும், பிறகுதான் கை திருத்தும். அன்றும் அவரிடம் "கூட்டத்துல ஒண்ணு ரெண்டு அப்படித்தான் வரும்" என்று வெடுக்கென்று சொல்லிவிட்டுத்தான் திருத்தினேன்.

ஒரே ஒரு நல்ல பழக்கம் வைத்திருந்தேன். பிரிண்ட் எடுக்குமுன் மனுவை முழுக்க வாசித்துக் காட்டுவேன். கையெழுத்துப் போடத் தெரிந்த எத்தனையோ பேருக்கு வாசிக்க வராது. எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டாமா? இந்த ஒன்றை வைத்தே நான் யோக்கியமான தொழில் செய்கிறேன் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வருடம் குற்றாலச் சீசன் நன்றாகத் தொடங்கியிருந்தது. சாரல் தென்காசி வரைக்கும் வந்து தெருவை நனைத்துக்கொண்டே இருந்தது. அப்படி ஒரு காலையில் வடகரை அக்கா கடை வாசலுக்கு வந்தார். ஐம்பதைத் தாண்டிய வயது, ஒல்லியான உடம்பு, நனைந்த சேலை முந்தானையைப் பிழிந்துகொண்டே நின்றார். உள்ளே வரச் சொன்னால், "தரை ஈரமாயிரும்" என்றார். வடகரைக்காரர். சீசன் மாதங்களில் ஐந்தருவியில் பழக்கடை போடுகிறவர். மங்குஸ்தான், ரம்புட்டான், கொஞ்சம் பலாச்சுளை. சீசன் இல்லாத நாட்களில் வயல் வேலை.

கடை இடம் அவருடைய வீட்டுக்காரர் பெயரில் இருந்தது. அவர் இறந்து ஒன்றரை வருடம். போன சீசனை அவர் பெயரிலேயே ஓட்டியாயிற்று. இந்த முறை, சீசன் முடியுமுன் பெயரை மாற்றிக்கொள்ளாவிட்டால் இடம் போய்விடும் என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

"இவ்வளவுதானக்கா? உக்காருங்க" என்றேன்.

எனக்கு உடனே சிவகிரி மனு ஞாபகம் வந்துவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் சிவகிரியிலிருந்து ஒரு அம்மா வந்திருந்தார். அவருக்கும் இதே கதைதான். புருஷன் வைத்திருந்த பெட்டிக்கடையைத் தன் பெயருக்கு மாற்ற வேண்டும். அந்த மனு நன்றாக அமைந்திருந்தது, காரியமும் நடந்தது. ஆகவே அதைத் திறந்தேன். பெயர், புருஷன் பெயர், ஊர், கடை இடம் என்று நான்கு தடவை மாற்றினேன். பெட்டிக்கடையைப் பழக்கடை ஆக்கினேன். நடுவில் ஜெராக்ஸ் மெஷினில் தாள் சிக்கிக்கொண்டது. பெஞ்சில் இருந்த ஒருவர் பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று மூன்றாவது தடவை சொன்னார். ஒரு கையால் தாளை இழுத்துக்கொண்டே, திரையைப் பார்த்து மனுவை வாசித்துக் காட்டினேன். அக்கா தலையை ஆட்டிக்கொண்டே கேட்டார். கையெழுத்துப் போட்டார், ஒவ்வொரு எழுத்தாக, அழுத்தமாக. கும்பிட்டுவிட்டுப் போனார்.

மூன்று வாரம் இருக்கும். மறுபடி வந்தார். இந்த முறை தரை ஈரத்தைப் பற்றிக் கவலைப்படவில்லை. நேராக வந்து என் மேஜையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தங்கச்சி, மனுவுல என்ன எழுதிக் குடுத்த?"

"ஏன்க்கா, என்ன ஆச்சு?"

நடந்தது இதுதான். மனுவை விசாரிக்க ஆபீசிலிருந்து ஒருவர் ஐந்தருவிக்கே வந்திருக்கிறார். அக்கம்பக்கத்துக் கடைக்காரர்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி மனுவை வாசித்திருக்கிறார். அருவிச் சத்தத்துக்கு மேல் கத்தித்தானே வாசிக்க வேண்டும். 'என் கணவர் காலமாகிவிட்டார். எனக்குப் பிள்ளைகள் யாரும் இல்லை. என்னைப் பார்த்துக்கொள்ள வேறு நாதியும் இல்லை' என்று வந்ததும் சிப்ஸ் கடைக்காரர் குறுக்கே விழுந்து, "அவளுக்கு மகன் இருக்கானே சார், கோயம்புத்தூர்ல" என்றிருக்கிறார். வந்தவர் மனுவின் ஓரத்தில் ஏதோ குறித்துக்கொண்டு போய்விட்டார். மனு நின்றுவிட்டது. அது போதாதென்று சொந்தக்காரர் யாரோ அன்றைக்கே கோயம்புத்தூருக்குப் போன் போட்டுவிட்டார்கள். உங்க அம்மா உன்னை இல்லை என்று கவர்மெண்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டாள் என்று.

"மகன் கூப்பிட்டான்" என்றார் அக்கா. "ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னான். 'எனக்கும் அம்மா இல்லைன்னு நானும் எழுதிக் குடுத்திடுதேன்'னான். வச்சிட்டான். இப்பம் நான் எத்தன தடவ போட்டாலும் எடுக்க மாட்டேங்கான். கடை போனா போகட்டும் தங்கச்சி. பய போன எடுக்க மாட்டேங்கான்."

இந்த இடத்தில் நான் நடந்துகொண்ட விதத்தை எழுதாமல் விட்டுவிடலாம்தான். ஆனால் இதை எழுத உட்கார்ந்ததே அதற்காக. நான் சொன்ன முதல் வார்த்தை, "ஏன்க்கா, நான் வாசிச்சுக் காட்டினேன்லா? அப்பமே சொல்லியிருக்க வேண்டியதுதான?" என்பது.

பெஞ்சில் நாலு பேர் இருந்தார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டார். என் குரல் கொஞ்சம் உயரமாகவே போய்விட்டது என்று எனக்கே தெரிந்தது.

மனுவைத் திறந்து, கன்ட்ரோல் எஃப் அழுத்தி, 'பிள்ளை' என்று அடித்தேன். மஞ்சளாக வந்து நின்றது அந்த வரி. 'எனக்குப் பிள்ளைகள் யாரும் இல்லை.' சிவகிரி மனுவையும் திறந்து அதே வார்த்தையைத் தேடினேன். அதே இடம், அதே வரி, அதே மஞ்சள். சிவகிரி அம்மா அன்றைக்கு இதே பெஞ்சில் உட்கார்ந்து, "பெத்தது ஒண்ணும் தங்கலம்மா, என்னப் பாக்க ஒரு நாதி கெடையாது" என்று அழுதார். நான்தான் அதை மனு பாஷைக்கு மாற்றி அடித்தேன். அந்த வரியில் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. நான் மாற்றச் சொன்ன வார்த்தைகளில் ஒன்றுகூட அதில் இல்லை. அதனால் அது பாட்டுக்கு அங்கேயே இருந்துகொண்டது. ஒருத்தருடைய துக்கத்தை எடுத்து இன்னொருத்தர் கையெழுத்துக்கு மேலே வைத்துக் கொடுத்திருக்கிறேன். அதையும் வாயால் வாசித்திருக்கிறேன், காதில் வாங்காமல்.

எனக்கு வெட்கமாக இருந்தது. சும்மா வெட்கம் இல்லை, கடையை அடைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாமா என்கிற மாதிரி வெட்கம்.

"மகன் நம்பரக் குடுங்கக்கா" என்றேன்.

அவர் தயங்கினார். அப்புறம் அவர்கள் கதை மெல்ல வந்தது. ஒரே மகன். கோயம்புத்தூரில் ஏதோ மோட்டார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் வேலை. அப்பாவின் பதினாறாம் நாள் முடிந்ததும், கடையை விட்டுவிட்டு என்னோடு வா என்று கூப்பிட்டிருக்கிறான். அக்கா வரமாட்டேன் என்றிருக்கிறார். "மழையில நனைஞ்சு அங்கன கெடந்து சாகப் போறியா" என்று அவன் கேட்க, "ஒங்க அப்பா நின்ன இடம், நான் நிப்பேன்" என்று இவர் சொல்ல, வார்த்தை தடித்துப் போயிற்று. அன்றைக்குப் போனவன் அதற்குப் பிறகு ஊருக்கு வரவேயில்லை. எப்போதாவது போன் மட்டும். இப்போது அதுவும் இல்லை. அவன் வேண்டாம் என்று சொன்ன அதே கடைக்காக அவனையே இல்லை என்று எழுதியிருக்கிறது என்றால் அவனுக்கு எப்படி இருக்கும்?

என் போனிலிருந்து கூப்பிட்டேன். தெரியாத நம்பர் என்பதால் எடுத்தான்.

"தம்பி, தென்காசியில இருந்து பேசுதேன். டைப்பிங் கடை. ஒங்க அம்மா மனுவ நான்தான் அடிச்சுக் குடுத்தேன்."

"அதுக்கு?" என்றான்.

சொன்னேன். பழைய மனுவைத் திறந்தது, பெயரை மாற்றியது, அந்த வரியை மாற்றாமல் விட்டது. என் வாழ்க்கையில் அவ்வளவு பணிவாக நான் யாரிடமும் பேசியதில்லை. அவன் நம்பவில்லை.

"எங்க அம்மா சொல்லாம நீங்களா எழுதிருவீங்களா, பிள்ளை இல்லன்னு? எந்தக் கடையில அப்படி எழுதுவாங்க?"

"என் கடையில தம்பி" என்றேன். "தப்பு முழுக்க என்னோடது. அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. வாசிக்கத் தெரியாதவங்க கிட்ட கையெழுத்து வாங்கிட்டேன். நீ இங்க வா, ரெண்டு மனுவையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் காட்டுதேன். நம்பலன்னா அப்பம் என்ன வேணும்னாலும் சொல்லு."

அவன் போனை வைத்துவிட்டான். அக்கா என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "வருவான்க்கா" என்றேன். எனக்கு நம்பிக்கை இல்லை. வாய் மட்டும் சொன்னது.

வந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு எனக்குக் கடை கிடையாது. இவனுக்காகவே ஷட்டரைப் பாதி தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து வரவில்லை. அவன் பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக வந்தான், அக்கா வடகரையிலிருந்து வந்தார். கடை வாசலில்தான் ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "சாப்பிட்டியா?" என்றார் அக்கா. "ம்" என்றான். அவ்வளவுதான்.

அவனை என் நாற்காலியில் உட்கார வைத்தேன். திரையில் இரண்டு மனுக்களையும் இடமும் வலமுமாக நிறுத்தினேன். சிவகிரி அம்மாவின் பெயரையும் அவர் புருஷன் பெயரையும் கறுப்படித்து வைத்திருந்தேன். அவர் சங்கதி அவருடையது. "நீயே தேடிப் பாரு" என்று கீபோர்டை அவன் பக்கம் தள்ளினேன். அவனுக்குத் தமிழ் டைப் வராது. நான்தான் குனிந்து 'பிள்ளை' என்று அடித்தேன். இரண்டு பக்கத்திலும் மஞ்சள் வந்தது.

அவன் இடது பக்க மனுவை மேலிருந்து கீழ் வரை வாசித்தான். பிறகு வலது பக்கம். பிறகு மறுபடியும் இடது பக்கம். கோபம் இறங்குவதைப் பக்கத்தில் நின்று பார்ப்பது நன்றாகத்தான் இருந்தது, அவன் தோள் ஒரு இஞ்ச் கீழே வந்த மாதிரி.

"இந்த சிவகிரி அம்மாவுக்கு நெசமாவே யாரும் கெடையாதா?" என்று கேட்டான்.

"கெடையாது தம்பி."

அவன் கீபோர்டை என் பக்கமே திருப்பித் தள்ளினான். பிறகு, அம்மாவைப் பார்க்காமல், "கடையில தார்ப்பாய் கிழிஞ்சிருக்குன்னாங்களே, மாத்தினியா?" என்றான்.

"இல்ல. சேலையக் கட்டி வச்சிருக்கேன்."

"சேலையக் கட்டினா மழை நிக்குமா?"

சண்டை போடுகிற குரல்தான். ஆனால் அது வேறே சண்டை. எனக்கு நிம்மதியாக இருந்தது.

அவனைப் பெஞ்சுக்கு மாற்றிவிட்டு, புது மனு அடிக்க உட்கார்ந்தேன். 'பழசு' பக்கமே போகவில்லை. வெறும் வெள்ளைப் பக்கத்தைத் திறந்து, 'அனுப்புநர்' என்பதிலிருந்து ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். எத்தனை வருடம் ஆயிற்று அப்படி அடித்து. அடுத்த வரி என்ன என்று யோசித்து யோசித்து நிறுத்த வேண்டியிருந்தது. என் பிரபலமான வேகம் எல்லாம் எங்கே போயிற்றோ. பையனுக்குப் பொறுமை போய், "டீ வாங்கிட்டு வாறேன்" என்று எழுந்து போனான்.

அவன் தலை மறைந்ததும் அக்கா பெஞ்சிலிருந்து எழுந்து என் பக்கத்தில் வந்து நின்றார்.

"தங்கச்சி, ஒண்ணு சொல்லுதேன். பயகிட்ட சொல்லிராத."

"என்னக்கா?"

"அன்னைக்கு நீ வாசிச்சேல்லா, பிள்ளைங்க யாரும் இல்லன்னு. எனக்குக் கேட்டுது."

அடிப்பதை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினேன்.

"கேட்டும் ஏன்க்கா சும்மா இருந்திய?"

"பொய்யின்னு தோணல" என்றார். "ஒன்றரை வருசமா வாசல்ல வந்து நிக்கல. காய்ச்சல்ல கெடந்தேன், பக்கத்து வீட்டுக்காரிதான் கஞ்சி வச்சுக் குடுத்தா. நீ அத வாசிக்கும்போது, நாம சொல்லாமலே இவ எப்படிக் கண்டுபிடிச்சான்னுதான் நெனச்சேன். அழுகை வந்துது. கையெழுத்துப் போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டிய இடம் அது. பழி முழுக்க என் தலையில் போட்டுக்கொண்டு, முன்பின் தெரியாத பையனிடம் கெஞ்சி, ஞாயிற்றுக்கிழமை கடையைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். கோபம் வரவில்லை. அன்றைக்கு நாலு பேர் முன்னால் "அப்பமே சொல்லியிருக்க வேண்டியதுதான" என்று நான் கத்தியபோது அவர் ஏன் தலை குனிந்தார் என்பது இப்போதுதான் விளங்கியது. வரி என்னவோ என் கவனக்குறைவால் வந்ததுதான், அதில் மாற்றமில்லை. ஆனால் நான் கவனிக்காமல் வாசித்ததை ஒருத்தர் கவனித்துக் கேட்டு, அது தனக்கே எழுதியது என்று நம்பியிருக்கிறார்.

"சொல்ல மாட்டேன்க்கா" என்றேன். சொல்லவும் இல்லை. இப்போது இங்கே எழுதுகிறேன் என்றால், யார் பெயரும் போடாமல் எழுதுகிறேன்.

"இப்பம் எழுதுத மனுவுல ஒரு வரி சேத்துக்கிடுதியா?" என்றார்.

"சொல்லுங்க."

சொன்னார். கடை இடத்துக்கும் அந்த வரிக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஆபீசில் யாரும் அதைக் கேட்கப் போவதும் இல்லை. இருந்தாலும் அடித்தேன்.

பையன் தூக்குப் பாத்திரம் ஒன்றை எங்கோ இரவல் வாங்கி, டீயோடு வந்தான். மூன்று பேரும் குடித்தோம். பிறகு நான் திரையை நேராக்கிக்கொண்டு, இந்த முறை ஜெராக்ஸ் மெஷின் பக்கம் திரும்பாமல், பஸ்ஸுக்குப் போகிறவர் யாரும் இல்லாமல், மெதுவாக வாசித்தேன். என் கணவர் காலமாகிவிட்டார். அவர் ஐந்தருவியில் பல ஆண்டுகளாகப் பழக்கடை நடத்தி வந்தார். எனக்கு ஒரு மகன் உண்டு. அவர் கோயம்புத்தூரில் வேலை பார்த்து வருகிறார்.

"இது எதுக்கு மனுவுல?" என்றான் பையன்.

"இருக்கட்டும் தம்பி" என்றேன்.

மிச்சத்தை வாசித்து முடித்தேன். பிரிண்ட் போடப் போனேன். அக்கா கையைக் காட்டி நிறுத்தினார்.

"நடுவுல ஒரு வரி சரியாக் கேக்கல. மகன்னு ஏதோ வந்துதே. அத இன்னொரு தடவ வாசி தங்கச்சி."

அருவி இரைச்சலில் நின்று, எட்டுக் கடை தள்ளிக் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்கிற காது அவருக்கு. பையன் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அம்மாவைப் பார்த்தான். நான் வாசித்தேன்.